பவுண்டுக்குள் ஒரு கிலோ

1834 அக்டோபர் 16. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் அடித்தள உலைகளில் இரண்டு வண்டி மரக்குச்சிகளைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். அரசுக் கருவூலத்தில் வரவு செலவுக்கு அடையாளமாகக் கீறல் போட்டு வைத்த குச்சிகள் அவை. அந்த வழக்கம் 1826இலேயே ஒழிந்துவிட்டது. குச்சிகள் மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஒரே நாளில் தீர்த்துக்கட்டிவிடலாம் என்று அள்ளி அள்ளிப் போட்டதில் புகைப்போக்கி கொதித்து, மாலைக்குள் பிரபுக்கள் சபை பற்றிக்கொண்டது. விடிவதற்குள் நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் சாம்பல்.

பிரிட்டிஷ் பேரரசின் கெஜமும் பவுண்டும் அந்தக் கட்டடத்தில்தான் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. கெஜம் என்பது 1760இல் செய்த ஒரு பித்தளைத் தண்டு. அதில் பதித்த இரண்டு தங்கக் குமிழ்களின் மேல் இரண்டு புள்ளிகள்; 62 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் அந்தப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரமே கெஜம். பவுண்டு என்பது 1758இல் செய்த ஓர் எடைக்கல். தீ விபத்துக்குப் பத்தே ஆண்டுகளுக்கு முன், 1824இல்தான், ஊருக்கு ஊர் மாறிய அளவுகளை ஒழித்து 'இம்பீரியல்' என்ற பெயரில் ஒரே முறை என்று சட்டம் போட்டு, இவ்விரண்டையும் மூலப்படிகளாக அறிவித்திருந்தார்கள். இடிபாடுகளில் தேடியபோது கெஜத் தண்டு கிடைத்தது, ஒரு தங்கக் குமிழ் உருகிப்போன நிலையில். எடைக்கல் கிடைக்கவே இல்லை.

சட்டம் எழுதியவர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கெஜம் தொலைந்தால் ஊசலை நாடு என்றது சட்டம். லண்டனில், கடல் மட்டத்தில், காற்றில்லாத வெளியில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக ஒரு வினாடி எடுக்கும் ஊசலின் நீளம் 39.1393 அங்குலம். அதில் 36 பங்கு ஒரு கெஜம். பவுண்டு தொலைந்தால் ஒரு கன அங்குலத் தண்ணீரை நிறுத்து மீட்டுக்கொள்ளலாம். இயற்கை இருக்கும்வரை அளவு அழியாது என்ற நம்பிக்கை. ஊசலை அளந்து கொடுத்தவர் ஹென்றி கேட்டர் என்ற படை அதிகாரி. இளம் வயதில் லாம்டன் என்பவர் நடத்திய நில அளவைப் பணிக்காகத் தென்னிந்தியாவில் அலைந்தவர். அளப்பதில் அன்றைய பிரிட்டனின் தேர்ந்த கைகளில் ஒன்று.

ஆனால் வழி வேலை செய்யவில்லை. காற்றில் ஆடும் ஊசல் தன்னோடு கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு ஆடுகிறது. காற்றின் மிதப்பு விசைக்கு மட்டும் திருத்தம் போட்டால் போதாது என்று ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் காட்டிவிட்டார். கேட்டரின் கணக்கில் அந்த இழுவை இல்லை. 1838இல் ஏற்பட்ட குழுவினர் (வானியலாளர் ஏரியும் அதில் இருந்தார்) சட்டத்தின் ஊசலைக் கைவிட்டு, எரிந்துபோன கெஜத்தோடு முன்பே ஒப்பிட்டு வைத்திருந்த நகல்களைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து புதிய கெஜத்தை உருவாக்கச் சொன்னார்கள். ஃபிரான்சிஸ் பெய்லி வேலையைத் தொடங்கி நடுவிலேயே இறந்துபோனார். ரிச்சர்ட் ஷீப்ஷேங்க்ஸ் தொடர்ந்தார். பவுண்டைக் கேம்பிரிட்ஜின் மில்லர் பிளாட்டினத்தில் செய்து முடித்தார். 1855இல்தான் இவை சட்டப்படி ஏற்கப்பட்டன. இடைப்பட்ட 21 ஆண்டுகள் உலகின் மிகப் பெரிய வணிகப் பேரரசு மூலப்படி இல்லாமலேயே வியாபாரம் பார்த்தது, ஒரு கடையும் மூடப்படவில்லை. இந்த முறை முன்னெச்சரிக்கையாகப் பல நகல்கள் செய்து வெவ்வேறு இடங்களில் வைத்தார்கள். ஒன்றைப் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் சுவருக்குள்ளேயே வைத்துப் பூசிவிட்டார்கள்.

பூசினாலும் உலோகம் சும்மா இருக்கவில்லை. பின்னாளில் மீட்டரோடு திரும்பத் திரும்ப ஒப்பிட்டபோது, அந்த வெண்கலக் கெஜம் வருடத்துக்கு வருடம் நூலிழையிலும் சிறிய அளவில் சுருங்கி வருவது தெரிந்தது. அமெரிக்காவோ 1893லேயே தன் கெஜத்தையும் பவுண்டையும் மீட்டர், கிலோகிராமின் பின்னங்களாக வரையறுத்துக்கொண்டுவிட்டது. ஆக இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டிஷ் அங்குலம் ஒன்று, அமெரிக்க அங்குலம் ஒன்று. வித்தியாசம் பத்து லட்சத்தில் சில பங்குதான். துணிக்கடைக்கு அது ஒன்றுமே இல்லை. விமான எஞ்சினுக்குத் துல்லிய உதிரிபாகம் கடைபவனுக்குத் தலைவலி. கடைசியில் 1959இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆறு நாடுகளும் உட்கார்ந்து பேசி முடித்தன: ஒரு கெஜம் என்பது 0.9144 மீட்டர். ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோகிராம். சுமாராக என்றில்லை, துல்லியமாக இவ்வளவு. பிரிட்டன் 1963 சட்டத்தில் இதை எழுதிக்கொண்டது.

இம்பீரியல் அளவுக்குத் திரும்ப வேண்டும் என்ற குரல் பிரிட்டனில் எழும்போதெல்லாம் எனக்கு இந்த 0.45359237 என்ற எண்தான் நினைவுக்கு வரும். திரும்பிப் போய்ச் சேர அங்கே ஓர் இடம் வேண்டுமே? பவுண்டு என்ற தனி அளவு 1963க்குப் பிறகு பிரிட்டிஷ் சட்டத்தில் இல்லை. கிலோகிராமில் ஒரு பங்குக்கு வைத்த பெயராக மட்டுமே இருக்கிறது. நாளைக்கே பிரிட்டனின் எல்லாக் கடைகளிலும் பவுண்டு மட்டுமே என்று சட்டம் வந்தாலும், அந்தத் தராசுகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கிலோதான் இருக்கும்.

அந்தக் கிலோவும் பழைய கிலோ இல்லை. 1889 முதல் பாரிஸை அடுத்த செவ்ரில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்த 39 மில்லிமீட்டர் உயர உருளை ஒன்று கண்ணாடி மூடிகளுக்குள் இருந்தது. உலகத்தில் எதன் எடையைச் சொன்னாலும் அது கடைசியில் அந்த உருளையோடு ஒப்பிட்டுச் சொன்னதுதான். நூறாண்டில் அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வேறுபாடு வந்துவிட்டது. எது கூடியது, எது குறைந்தது என்று கேட்கவே வழியில்லை. வரையறைப்படி உருளை எப்போதும் சரி. லண்டனில் உருகிய தங்கக் குமிழின் சிக்கல்தான் இதுவும், கொஞ்சம் நாசூக்காக.

அதிலிருந்து வெளியே வர வழி காட்டியவர் ஒரு பிரிட்டிஷ்காரர். லண்டன் அருகே டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 1975இல் பிரையன் கிப்பிள் ஒரு தராசை யோசித்தார். ஒரு தட்டில் எடைக்கல். மறுபக்கத்தில் இன்னொரு கல்லுக்குப் பதிலாக, காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருள். சுருளில் மின்னோட்டம் விட்டால் விசை பிறக்கும். கல்லைத் தாங்கிப் பிடிக்க எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று பார்க்கலாம். ஆனால் காந்தத்தின் வலிமையும் கம்பியின் நீளமும் துல்லியமாகத் தெரிந்தால்தானே கணக்கு நிற்கும்? இங்கேதான் கிப்பிளின் சாமர்த்தியம். கல்லை எடுத்துவிட்டு, அதே சுருளை அதே காந்தத்தில் ஒரு சீரான வேகத்தில் நகர்த்தினார். இப்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். இரண்டு அளவீடுகளையும் சேர்த்து எழுதினால் காந்த வலிமையும் கம்பி நீளமும் இரு பக்கமும் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது எடை, வேகம், மின்னழுத்தம், மின்னோட்டம். மின் அளவுகளைக் குவாண்டம் விளைவுகளைக் கொண்டு பிளாங்க் மாறிலியோடு கட்டிப்போட முடியும். ஆக, எடையைப் பிளாங்க் மாறிலியைக் கொண்டே சொல்லிவிடலாம். 2019 மே 20 முதல் கிலோகிராம் அப்படித்தான் வரையறுக்கப்படுகிறது. தீயில் கருகாத, சுருங்காத, தொலையாத மூலப்படி வேண்டும் என்று 1824இல் ஊசலை நம்பியவர்கள் கேட்டது இதைத்தான். பவுண்டுக்கும் அது சேர்த்தே கிடைத்துவிட்டது, கிலோவின் வழியாக.

மெட்ரிக் என்பது பிரெஞ்சுக்காரன் சரக்கு, ஐரோப்பா நம் தலையில் கட்டியது என்ற பேச்சு பிரிட்டனில் வெகுநாளாக உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஊசலை அடிப்படையாக வைத்து, பத்துப் பத்தாகப் பிரியும் ஒரு பொது அளவு முறையை 1668லேயே எழுதி வைத்தவர் ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் சொன்ன நீளம் இன்றைய மீட்டருக்குக் கிட்டத்தட்டச் சமம். நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட் 1783இல், வெவ்வேறு நாட்டு வேதியியலாளர்களின் எடைகளை மாற்றிக் கணக்கிட்டுச் சலித்துப்போய், எல்லோருக்கும் பொதுவான தசம அளவு வேண்டும் என்று எழுதினார். 1862இல் நாடாளுமன்றக் குழுவே மெட்ரிக்கைப் பரிந்துரைத்தது. 1871இல் வந்த மசோதா வெறும் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. கடைசியில் 1965 மே மாதம் வணிகத் துறை அமைச்சர் டக்ளஸ் ஜே, பத்தாண்டுக்குள் நாடு மெட்ரிக்குக்கு மாறும் என்று அறிவித்தார். கேட்டது பிரிட்டனின் தொழிலதிபர்கள். அப்போது பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் உறுப்பினரே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பிரெஞ்சு அதிபர் டி கால் கதவைச் சாத்தியிருந்தார். உள்ளே போனது 1973இல்.

பத்தாண்டு என்று சொன்ன வேலை பாதியில் நின்றதுதான் பிற்காலக் குழப்பத்துக்கெல்லாம் வேர். மாற்றத்தை நடத்த 1969இல் அமைத்த வாரியத்தை 1980இல் தாட்சர் அரசு கலைத்துவிட்டது. பள்ளிக்கூடம் மெட்ரிக், தொழிற்சாலை மெட்ரிக், மருந்து மெட்ரிக். சாலைப் பலகை மட்டும் மைல், மதுக்கடையில் பைண்ட், உடல் எடை ஸ்டோன் கணக்கில். சூப்பர் மார்க்கெட் பால் கேனில் 2.272 லிட்டர் என்று அச்சடித்திருக்கும். ஜாம் புட்டியில் 454 கிராம். நாலு பைண்டும் ஒரு பவுண்டும்தான் அவை, மெட்ரிக் சட்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன.

இந்த அரைகுறை நிலையில்தான் ஸ்டீவ் தோபர்ன் மாட்டிக்கொண்டார். வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் காய்கனிக் கடைக்காரர். உதிரியாக விற்கும் பொருள்களையும் கிலோவில்தான் நிறுக்க வேண்டும் என்ற விதி 2000 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தது. தோபர்ன் தன் பவுண்டுத் தராசை மாற்றவில்லை. அந்த ஆண்டு ஜூலையில், சாதாரண வாடிக்கையாளர் போல வந்த ஒருவர் ஒரு பவுண்டு கணக்கில் வாழைப்பழம் வாங்கிப் போனார். விலை 34 பென்ஸ். வந்தவர் எடை அளவுத் துறை ஆள். பிறகு போலீஸோடு வந்து தராசுகளை எடுத்துப் போனார்கள். 2001 ஏப்ரலில் குற்றவாளி என்று தீர்ப்பு. 2002 பிப்ரவரியில் மேல்முறையீடும் தள்ளுபடி. நீதிபதி லாஸ் அந்தத் தீர்ப்பில், சில சட்டங்கள் அரசியலமைப்புத் தகுதி கொண்டவை, அவற்றைப் போகிற போக்கில் வரும் பிந்தைய சட்டம் மறைமுகமாக ரத்து செய்துவிட முடியாது என்று எழுதியது இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். ஒரு சீப்பு வாழைப்பழத்தில் பிறந்த அரசியலமைப்புக் கோட்பாடு. தோபர்ன் 2004இல், நாற்பது வயதுகூட நிரம்பாமல், மாரடைப்பில் இறந்தார். 'மெட்ரிக் தியாகிகள்' என்று அவரையும் அவரோடு வழக்கில் நின்ற மற்றக் கடைக்காரர்களையும் பத்திரிகைகள் அழைத்தன.

தோபர்ன் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் தராசு பொய் சொல்லவும் இல்லை. கையில் காசோடு வந்தவர்கள் பவுண்டு என்று கேட்டார்கள், பவுண்டில் கொடுத்தார். அவர்மீது குற்ற வழக்குப் போட்டது தேவையற்ற முரட்டுத்தனம் என்றே நினைக்கிறேன். ஒரு கொள்கைக்கு எதிரிகளைத் திரட்ட இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. ஆனால் அந்த விதி முட்டாள்தனமானது என்று சொல்ல என்னால் முடியாது. தெருவின் ஒரு கடையில் தக்காளி பவுண்டு 1.60 ஸ்டெர்லிங், எதிர்க்கடையில் கிலோ 3.40 என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். கண்ணுக்கு முதல் கடையில் விலை பாதிக்கும் குறைவு. கணக்குப் போட்டால் அங்கே கிலோ 3.53, அதுதான் கூடுதல். சிறிய அலகில் விலை எழுதினால் சிறிய எண் வரும், சிறிய எண் ஆளை இழுக்கும். பெரும்பாலானவர்கள் கிலோவில் எழுதும் சந்தையில் பவுண்டில் எழுதுபவருக்கு ஒரு சின்ன ஆதாயம், அவர் கேட்காமலேயே. எடை அளவுச் சட்டம் எந்த நாட்டிலும் அறிவியலுக்காகப் பிறந்ததில்லை, இதற்காகப் பிறந்தது. அதே நேரம், கிலோ விலைக்குப் பக்கத்தில் பவுண்டு விலையையும் எழுதிவைக்க அந்தச் சட்டம் ஒருநாளும் தடை போட்டதில்லை. வாடிக்கையாளர் ஒரு பவுண்டு கேட்டால் 454 கிராம் நிறுத்துக் கொடுப்பதும் குற்றமில்லை.

இனி எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். பழைய அளவுகளைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்குபவர்கள் இருதட்டுத் தராசின் முன் நின்று வேலை பார்த்ததில்லை. ஒரு பவுண்டுக்கு ஏன் 16 அவுன்ஸ்? உங்களிடம் ஒரு பவுண்டு சர்க்கரையும் ஒரு வெறும் தராசும் இருக்கின்றன, எடைக்கல் ஒன்றுகூட இல்லை. சர்க்கரையை இரு தட்டிலும் மாறி மாறிப் போட்டு முள் நடுவில் நிற்கும்வரை சரிசெய்தால் அரைப் பவுண்டு. அதை மீண்டும் பாதியாக்கினால் கால். இன்னும் இரண்டு முறை செய்தால் ஒரு அவுன்ஸ். நான்கே பாதியாக்கலில் சிறிய அலகு கைக்கு வந்துவிட்டது. ஆயிரம் கிராமை இப்படிப் பாதியாக்கிக்கொண்டே போனால் 500, 250, 125, பிறகு 62.5 என்று அரைகுறை எண்ணில் போய் நிற்கும். நம் முன்னோரும் முட்டாள்கள் இல்லை: அரை, கால், அரைக்கால், மாகாணி என்று நம் கணக்கும் இதே பாதியாக்கலில்தான் பதினாறில் ஒன்றுவரை இறங்கியது. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் வைத்ததில் இன்னொரு வசதி: பாதியும், மூன்றில் ஒன்றும், காலும், ஆறில் ஒன்றும் முழு எண்ணாக வரும். தச்சனுக்கு மூன்றில் ஒன்று அடிக்கடி வேண்டியிருக்கிறது, பத்தை மூன்றால் வகுக்க யாராலும் முடிந்ததில்லை.

இந்த வசதியெல்லாம் தராசுத் தட்டும் மனக்கணக்கும் இருந்த காலத்தின் வசதி. இன்றைக்கு மின்னணுத் தராசு ஒரு நொடியில் விலையோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அதனாலேயே, தசமத்தில் கணக்கு எளிது என்ற மெட்ரிக்காரர்களின் பழைய வாதமும் கடைவீதியில் வலுவிழந்துவிட்டது. இரண்டு தரப்பும் அந்தப் போரை முடித்துக்கொள்ளலாம்.

முடிக்க முடியாத ஒன்று உண்டு. ஒரே இடத்தில் இரண்டு முறைகள் சேர்ந்து வாழ்வது. அதற்கு என்ன விலை என்பதை 1983 ஜூலை 23 அன்று கனடா கற்றுக்கொண்டது. மாண்ட்ரியாலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் போக வேண்டிய ஏர் கனடா 143. போயிங் 767 ரக விமானம். அந்த நிறுவனத்தில் எரிபொருளைக் கிலோவில் கணக்கிடும் முதல் ரகம் அதுதான், பழைய விமானங்களெல்லாம் பவுண்டு. அன்று எரிபொருள் மானி பழுது. ஆகவே தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்த்தார்கள்: 7,682 லிட்டர் இருக்கிறது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. லிட்டரை எடையாக்க எதால் பெருக்குவது? எரிபொருள் நிரப்பிய சீட்டில் 1.77 என்று இருந்தது. வழக்கமாகப் போடும் எண். அதையே போட்டார்கள். 7,682ஐ 1.77ஆல் பெருக்கினால் 13,597. அதை 22,300இல் கழித்தால் 8,703. திரும்ப 1.77ஆல் வகுத்தால் 4,916 லிட்டர் ஊற்ற வேண்டும். ஊற்றினார்கள்.

கணக்கில் ஒரு கூட்டல் பிழைகூட இல்லை. ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டரின் எடை, பவுண்டில். கிலோவில் அது 0.803. சரியாகப் போட்டிருந்தால் ஊற்ற வேண்டியது 20,088 லிட்டர். விமானம் பத்தாயிரம் கிலோ சொச்சம் எரிபொருளோடு, வேண்டியதில் பாதிகூட இல்லாமல், கிளம்பியது. 41,000 அடி உயரத்தில், பாதி வழியில், முதலில் ஒரு எஞ்சின், பிறகு மற்றொன்று என இரண்டும் அணைந்தன. விமானியின் அறையில் பெரும்பாலான கருவிகள் இருண்டன. கேப்டன் பாப் பியர்சன் ஓய்வு நேரத்தில் எஞ்சினில்லாக் கிளைடர் ஓட்டிப் பழகியவர். அந்தப் பழக்கத்தில் விமானத்தை மிதக்கவிட்டு, மானிடோபா மாகாணத்தில் கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அந்த ஓடுபாதையில் அன்று கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். 1999இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் விண்கலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுக்க, மற்றொன்று நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. கலம் செவ்வாயின் காற்றுமண்டலத்துக்குள் ஆழமாக இறங்கிப் போனது போனதுதான்.

இந்த இரண்டு கதைகளையும் காட்டி, பாருங்கள் இம்பீரியலின் லட்சணத்தை என்பார்கள். அது தவறான பாடம். பவுண்டு மட்டுமே புழங்கியிருந்தால் கிம்லியில் எந்த விமானமும் இறங்கியிருக்காது. கிலோ மட்டுமே புழங்கியிருந்தாலும் இறங்கியிருக்காது. இரண்டும் சந்திக்கும் எல்லையில், அலகு எழுதப்படாத ஒரு வெற்று எண் கைமாறும்போதுதான் ஆபத்து. திரும்பிப் போவோம் என்பவர்கள் கேட்பது இம்பீரியலை அல்ல, இன்னும் நிறைய எல்லைகளை.

இப்படித் திரும்பிப் போய்ப் பார்த்த நாடு ஒன்று உண்டு. மெட்ரிக்கைப் பெற்ற பிரான்ஸேதான். 1795இல் புரட்சி அரசு கொண்டுவந்த மீட்டரையும் கிராமையும் சந்தையில் யாரும் சீண்டவில்லை. 1812இல் நெப்போலியன் இறங்கிவந்து, சில்லறை வியாபாரத்துக்குப் பழைய பெயர்களை அனுமதித்தார். ஆனால் பழைய அளவுகளை அனுமதிக்கவில்லை! ஒரு லீவ்ர் என்றால் இனி சரியாக 500 கிராம். பழைய லீவ்ர் சுமார் 489 கிராம்தான். ஒரு துவாஸ் சரியாக இரண்டு மீட்டர். அதற்கு ஆறு அடி, அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். ஆக அந்த அடி மன்னர் காலத்து அடியும் இல்லை. ஒரே பெயரில் பழையது ஒன்று, புதியது ஒன்று, பக்கத்தில் அரசு அலுவலகத்தில் கிலோ ஒன்று. நெதர்லாந்தும் பெல்ஜியமும் மெட்ரிக்கில் பழகிக்கொண்டிருந்தபோது அது பிறந்த ஊரில் இந்தக் கூத்து. 1837இல் சட்டம் போட்டு 1840 ஜனவரி 1 முதல் எல்லாவற்றையும் ஒழித்து முழு மெட்ரிக் ஆக்கினார்கள். இன்றும் பாரிஸ் சந்தையில் ஒரு லீவ்ர் தக்காளி என்று கேட்கலாம். அரைக் கிலோ நிறுத்துத் தருவார்கள்.

பெயரை யாராலும் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இன்றும் ஒரு றாத்தல் பாண் என்றுதான் கேட்கிறார்கள், சட்டத்தில் அது 450 கிராம். இந்தியா 1956இல் சட்டம் போட்டு, 1958 முதல் படிப்படியாகச் சேரையும் வீசையையும் பலத்தையும் கடைவீதியிலிருந்து விடைகொடுத்து அனுப்பியது. ஆனால் நிலத்தை அசைக்க முடியவில்லை. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். வாங்குபவரும் விற்பவரும் தரகரும் பேசுவது ஏக்கரும் சென்டும். அடுக்குமாடி வீடு சதுர அடியில், குழாய் முக்கால் இஞ்ச், பவுன் எட்டு கிராம். கிலோவும் லிட்டரும் இவ்வளவு சீக்கிரம் ஊன்றியதற்கு ஒரு காரணம், அவற்றைத் தினமும் கையில் தொட்டோம். வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ வாங்கும் மனையை யார் ஹெக்டேரில் பழகுவார்கள்?

பிரிட்டனுக்கு வருவோம். ஐரோப்பிய ஆணையமே 2007இல் கையை உதறி, மைலும் பைண்டும் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், கிலோவின் அருகில் பவுண்டையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. அதோடு சண்டைக்கு முகாந்திரம் போயிற்று. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு வெற்றியைக் காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் பிரெக்ஸிட் அமைச்சர் டேவிட் ஃப்ராஸ்ட் எடை அளவு விதிகளை மறுபரிசீலனை செய்யப்போவதாக அறிவித்தார். 2022 ஜூன் 3, அன்றைய அரசி ஆட்சிக்கு வந்த எழுபதாம் ஆண்டு விழாக் கொண்டாட்டத்துக்கு நடுவே, போரிஸ் ஜான்சன் அரசு மக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கியது. கேள்வித்தாளில் ஒரு கேள்வி: உங்களுக்கு விருப்பம் இருந்தால் பொருளை எப்படி வாங்குவீர்கள்? இம்பீரியல் அலகிலா, அல்லது மெட்ரிக் அளவும் பக்கத்தில் எழுதிய இம்பீரியல் அலகிலா? மெட்ரிக் போதும் என்று சொல்ல அந்தக் கேள்வியில் இடமே இல்லை. ஆய்வுமுறை வகுப்பில் எப்படிக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சூப்பர் மார்க்கெட் நிறுவனமான ஆஸ்டாவின் அன்றைய தலைவர் ஸ்டூவர்ட் ரோஸ் இந்த யோசனையையே அபத்தம் என்று வானொலியில் வறுத்தெடுத்தார். அவர் அன்றைய ஆளும் கட்சியின் பிரபு.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். கேள்வி எப்படி இருந்தால் என்ன, ஓரத்தில் எழுதத் தெரியாதவர்களா? முடிவு 2023 டிசம்பர் 27இல் வெளியானது. 98.7 சதவீதம் பேர் வாங்குவதற்கும் விற்பதற்கும் மெட்ரிக்கே பிரதானமாக இருக்கட்டும் என்றிருந்தார்கள். வலிய வந்து பதில் எழுதியவர்களின் எண்ணிக்கை என்பதால் நாட்டின் கருத்தே இது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பழைய அளவுக்கு ஏங்கும் கூட்டம் பெரியதாக இருந்திருந்தால் அவர்களும் பேனா எடுத்திருப்பார்கள். அந்த 98.7இல் 17.6 சதவீதம் பேர் ஒருபடி மேலே போய், இருக்கிற இம்பீரியலையும் எடுத்துவிட்டு முழுக்க மெட்ரிக் ஆக்குங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. மைல் பலகைகள் அப்படியே நிற்கின்றன.

சட்டத்தை மாற்றப்போவதில்லை என்று அரசு சொல்லிவிட்டது. இரண்டேகால் ஆண்டு ஆரவாரத்தில் மிஞ்சியது ஒரு சலுகை: ஒயினை இனிப் பைண்ட் புட்டியிலும் விற்கலாம். சர்ச்சில் விரும்பிக் குடித்த ஷாம்பெயின் அந்த அளவுதான் என்று பழைய கதையைத் தூசி தட்டினார்கள். அரசின் அறிவிப்பில் அந்தப் புட்டியின் அளவு 568 மில்லிலிட்டர் என்று இருக்கிறது.